மெய்நிகர் பொறிக்குள் குடியேறிய மேலாண்மைச் சேவையகம்

ஒரே கணினியின் வன்பொருளைப் பங்கிட்டு, தனித்தனிக் கணினிகளைப் போலவே இயங்கும் பல மெய்நிகர் பொறிகளை உருவாக்கும் முறை, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் 1960களில் உருப்பெற்றது. அங்குப் பிறந்த சிபி-40 இயங்குதளத்தின் வழித்தோன்றலான விஎம்/370, 1972இல் அறிவிக்கப்பட்டது.

எக்ஸ்86 செயலிகளிலோ, சில கட்டளைகள் உரிய அதிகாரமின்றி இயக்கப்படும்போது, கட்டுப்பாட்டு நிரலுக்கு அறிவிக்காமலேயே வேறு விளைவைத் தந்ததால், இம்முறை அவற்றுக்குப் பொருந்தாது என்றே பலரும் கருதினர். 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம், அக்கட்டளைகளை ஓட்டத்தின்போதே பாதுகாப்பானவையாக மாற்றியெழுதும் உத்தியால் அத்தடையைக் கடந்து, 1999இல் தன் முதல் மென்பொருளை வெளியிட்டது. இவ்வரலாற்றின் மிகத் துணிவான திருப்பம் இதுவே எனலாம்.

பொறிகள் பெருகியபோது, அவற்றை ஓரிடத்திலிருந்து ஆளும் மேலாண்மைச் சேவையகம் தேவைப்பட்டது. விஎம்வேரின் விசென்டர் தொடக்கத்தில் விண்டோஸ் இயங்குதளத்தின் மேல் நிறுவப்பட்டது. இயங்குதளம், தரவுத்தளம், மேலாண்மை மென்பொருள் ஆகியவற்றை நிர்வாகி ஒவ்வொன்றாக அமைத்து இணைக்க வேண்டியிருந்ததால், அது பொறுமையைச் சோதிக்கும் பணியாகவே இருந்தது. 2011இல் இவையனைத்தும் முன்கூட்டியே நிறுவப்பட்ட, சூசே லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட ஆயத்த மெய்நிகர் பொறியாகவும் விசென்டர் வெளிவந்தது. 2016இல் அப்பொறி ஃபோட்டான் என்னும் லினக்ஸுக்கு மாறியது. 2020இல் விண்டோஸ் பதிப்பு கைவிடப்பட்டது.

தான் ஆளும் வன்பொருளின் மீதே மேலாண்மைச் சேவையகமும் இயங்குவது ஆபத்தான ஏற்பாடாகத் தோன்றினும், உயர்கிடைப்பு வசதி முன்பே அமைக்கப்பட்டிருந்தால், அதைத் தாங்கும் கணினி பழுதடையும்போது எஞ்சிய கணினிகளே அச்சேவையகத்தை மீண்டும் தொடக்கிவிடுகின்றன.