நகரப் பேருந்தும் நகரத்தின் தகுதியும்

நகரங்களைத் தம்முள் ஒப்பிட்டு, இது முதலாவது, இது இரண்டாவது என வரிசைப்படுத்தும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. பொதுப் போக்குவரத்தும் அதற்கு விலக்கன்று. அமெரிக்க நகரங்களுள் நியூயார்க்கும் நம் மாநிலத்தில் சென்னையும் முதலிடம் பெறுகின்றன. இருப்புப்பாதையின் நீளம், வண்டிகளின் எண்ணிக்கை, பயணிகளின் தொகை ஆகியன இதற்குரிய அளவைகள். இவை வேண்டுவனவே, எனினும் வண்டியில் ஏற இயலாது நிற்பவர் யார் என்னும் வினாவை இவை எழுப்புவதில்லை.

அவ்வினாவைத் தமிழிலக்கியம் வேறொரு வகையில் எழுப்பியுள்ளது. பத்துப்பாட்டுள் ஐந்து, ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வதே அவற்றின் அமைப்பு. பொருநராற்றுப்படையில் கரிகாற் பெருவளத்தான் வறிய பொருநனை நான்கு வெண்புரவிகள் பூட்டிய தேரில் ஏற்றி, ஏழடி பின்சென்று விடை தருகின்றான். ஊர்தி இல்லாதவனுக்கு ஊர்தி நல்குதல் அரசின் கடன் என்ற எண்ணம் அதில் உண்டு. சோழர் தலைநகராய் விளங்கிய உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. ஆதலின் அவ்வளவையைக் கொண்டு இந்நகரை நோக்குவது பொருந்தும்.

சென்னையின் வரலாறு ஊர்திகளின் பெருக்கத்தால் ஆனது. 1895-இல் அங்கு மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி வந்தது. 1947-இல் அரசே பேருந்துகளை இயக்க முற்பட்டது. டிராம் 1953-இல் நின்றுபோயிற்று. ஆயினும் 1995-இல் பறக்கும் ரயிலும், 2015-இல் மெட்ரோ ரயிலும் தோன்றின.

திருச்சியின் வரலாறு வேறு. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இங்கிருந்தது. 1928-இல் பொன்மலைப் பணிமனையும் உருவாயிற்று. 1929-இல் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாக வந்த கார்டு லைன் திருவரங்கத்துக்குத் தொடர்வண்டி நிலையத்தைத் தந்தது. நாடெங்கும் செல்லும் பாதைகள் கூடிய ஊர் இது. ஆனால் ஊருக்குள் செல்ல டிராமும் இல்லை, புறநகர் மின்வண்டியும் இல்லை. பொன்மலையில் ரயில் பெட்டிகளைச் செப்பனிட்ட தொழிலாளியும் கடைவீதிக்குச் செல்லப் பேருந்தையே நாடினார்.

காவிரியின் இரு கரைகளையும் அன்றாட வாழ்வில் இணைத்ததும் பேருந்தே. திருவரங்கம் 1994-இல்தான் மாநகராட்சியுடன் இணைந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் அதனை இணைத்துவிட்டனர். அரசு வண்டியும் தனியார் வண்டியும் போட்டியிட்டு ஓடுவதால், சத்திரம் பேருந்து நிலையத்தில் திருவரங்கம் செல்பவர் கால அட்டவணையைப் பார்ப்பதில்லை. இது திருச்சியின் பெரும் சிறப்பு. இவ்விணைப்பு எத்துணை மெல்லியது என்பதையும் அண்மை வரலாறு காட்டியது. 1976-இல் கட்டப்பெற்ற காவிரிப் பாலம் பழுதுபார்ப்பிற்காக 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை மூடப்பட்டபோது, பேருந்துகள் சுற்றுவழியே சென்றன.

வசதியின் பெருக்கமே தகுதியாகாது என்பதற்கு அமெரிக்க வரலாறும் சான்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சுற்றி பசிபிக் எலக்ட்ரிக் நிறுவனம் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட பாதையில் மின்வண்டிகளை ஓட்டியது. மோட்டார் கார் பெருக, 1961-இல் அதன் கடைசித் தடமும் நின்றது. 1990-இல்தான் நகர ரயில் மீண்டும் தொடங்கியது. கார் இல்லாதவர் நிலை இடைக்காலத்தில் எத்தகையது என்று கூற வேண்டுவதில்லை. மாண்ட்காமரி நகரில் பேருந்துகள் ஓடத்தான் செய்தன. கறுப்பின மக்கள் சமமாக அமர இயலவில்லை. 1955 டிசம்பர் தொடங்கி 381 நாள்கள் அவர்கள் நடந்தே சென்று அவ்வுரிமையை வென்றனர். பேருந்தின் வரலாறு இருக்கையின் வரலாறுமாகும்.

நம் மாநிலத்தில் 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. பின்னர் மாற்றுத்திறனாளிகளும் திருநங்கையரும் அவ்வுரிமை பெற்றனர். பொருநனுக்குக் கிட்டிய தேரோடு இதனை ஒப்பிடுதல் மிகையன்று. ஆயின் தனியார் பேருந்துகள் இதனுள் அடங்கா. எனவே திருச்சியில் ஒரு விந்தை நிகழ்கின்றது. மாலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் தனியார் வண்டி புறப்படுகின்றது. கையில் காசில்லாத பெண் ஏறாது நிற்கிறாள். அடுத்ததும் தனியார் வண்டியாயின் அதனையும் விடுகிறாள். வண்டிகளை எண்ணுவோர் கணக்கில் இரண்டு வண்டிகள். அவள் கணக்கில் ஒன்றுமில்லை. சென்னையில் நகரப் பேருந்துகளை நெடுங்காலமாக அரசே நடத்திவருவதால் இவ்வேறுபாடு அங்கு இத்துணைக் கூர்மையாக எழவில்லை.

எனவே என் வரிசை இது. காத்திருக்கும் நேரத்தின் குறைவுக்காகச் சத்திரம்–திருவரங்கத் தடத்துக்கு முதலிடம் தரலாம். உரிமையின் பரப்புக்காக முதலிடம் சென்னைக்கே. திருச்சி இவ்விரண்டையும் ஒருங்கே பெற வழி உண்டு. நகரப் பேருந்து எவருடையதாயினும் மகளிர் கட்டணமின்றி ஏறலாம் என விதித்து, அக்கட்டணத்தை உரிமையாளர்க்கு அரசே ஈடுசெய்யலாம். செலவு மிகும், ஆனால் ஓடுகின்ற வண்டிகள் யாவும் அவளுக்கும் உரியனவாகும். அதுவரை, எத்தனை வண்டிகள் ஓடினும், கரிகாலன் ஊருக்கு இரண்டாம் இடமே.