பெயர் விட்டுப்போன இருவர்

மணல் வீடு கட்டாத குழந்தை உலகத்தில் எங்கும் இராது. ஆனால் ஆறு வயதில் கட்டிய மணல் வீட்டை நாற்பது வயதில் எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ஓர் அலை வந்தால் போயிற்று! டென்மார்க் தேசத்து லெகோ செங்கற்களின் சமாசாரம் அப்படியல்ல. அவை பிளாஸ்டிக்கில் செய்தவை. குழந்தை வளர்ந்து, மீசை முளைத்து, உத்தியோகத்துக்குப் போய், தலையில் வழுக்கை விழுந்த பிறகும் அவை அப்படியே இருக்கின்றன. ஆகவே மேல்நாடுகளில் அவற்றைச் சேகரித்துவைத்துக்கொண்டு பழங்கதை பேசும் பெரியவர்கள் ஒரு தனிக் கூட்டமாகவே உருவாகிவிட்டார்கள்.

அப்படிப்பட்டவர்கள் எழுதிவைத்த நினைவுகளைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்களில் பலர் உருகி உருகிப் பேசுவது 2006-ஆம் வருஷம் வெளிவந்த 'பேட்மேன்' வரிசையைப் பற்றி. வௌவால் வேஷம் பூண்டு இரவு நேரத்தில் தீயவர்களை வேட்டையாடும் அமெரிக்கச் சித்திரக்கதை வீரன்தான் பேட்மேன். அவனுடைய ரகசியக் குகையைக் கட்ட 1,071 துண்டுகள். வில்லன்களை அடைத்துவைக்கும் ஆர்க்கம் என்ற பைத்தியக்கார விடுதிக்கு 860 துண்டுகள். 2008-ஆம் வருஷத்தோடு அந்த வரிசை நின்றுபோயிற்று. 2012-ல் வேறு தலைப்பில் அந்த வீரர்கள் மறுபடி வந்தார்கள். ஆனாலும் பழைய பெட்டிக்கு இருக்கும் மவுசே தனி.

அவர்களுடைய துக்கங்களும் விசித்திரமானவை. குகையைப் பத்திரமாகக் காப்பாற்றியவர்கள்கூட ஒரு சின்னத் துணியைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிறார்கள். பொம்மை வீரனின் கழுத்தில் மாட்டி முதுகில் தொங்கவிடும் கறுப்பு மேலங்கிதான் அது. கட்டைவிரல் அகலத் துணி! விளையாட விளையாட ஓரம் நைந்துவிடும். அம்மா வீடு பெருக்கும்போது குப்பையோடு போய்விடும். "எல்லாம் இருக்கிறது, மேலங்கி மட்டும் இல்லை" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், பத்துப் பேர் சேர்ந்து பெருமூச்சு விடுகிறார்கள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எதைப் பார்த்தாலும், 'இதைச் செய்தவன் யார்?' என்று கேட்பது எனக்குப் பழக்கம். இந்தப் பெட்டியைப் பற்றியும் அப்படிக் கேட்டுக்கொண்டு போனேன். கிடைத்த விடை மனத்தைக் கொஞ்சம் கலக்கிவிட்டது.

லெகோவின் மூலபுருஷர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர். ஊர் பில்லுண்ட். 1932-ல் உலகமெங்கும் பொருளாதார மந்தம். வீடு கட்டுவோர் இல்லை. தச்சருக்கு வேலை இல்லை. அதே வருஷம் மனைவியும் இறந்துபோனாள். நான்கு பிள்ளைகள். மனிதர் உளியைக் கீழே வைக்கவில்லை. மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். ஒரு தடவை அவருடைய மகன் காட்ஃப்ரெட் மர வாத்துகளுக்கு மூன்று பூச்சுக்குப் பதில் இரண்டே பூச்சு வார்னிஷ் அடித்து, "செலவு மிச்சம், அப்பா" என்று பெருமையாகச் சொன்னானாம். ரயிலடிக்குப் போய்ப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாவது பூச்சையும் அடித்துவிட்டு வரும்படி தந்தை சொல்லிவிட்டார். அப்பேர்ப்பட்ட நாணயஸ்தர்.

ஆனால் பிளாஸ்டிக் செங்கல் அவர் மூளையில் உதித்ததல்ல. 1940-களில் இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்று ஒருவர் இருந்தார். குழந்தைகள் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக் கவனித்து, அவர்கள் கைக்கு ஏற்ற பொம்மைகளைச் செய்தவர். கிட்டிகிராஃப்ட் என்பது அவருடைய கம்பெனி. மேலே குமிழ்கள் உள்ள, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் செங்கல் அவர் கண்டது. 1946-ல் ஓலே கிர்க் பிளாஸ்டிக் வார்க்கும் யந்திரம் ஒன்று வாங்கினார். அந்தச் சமயத்தில் பேஜின் செங்கல் மாதிரியும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. 1949-ல் அதைத் தழுவி லெகோவின் முதல் செங்கல் வெளிவந்தது. டென்மார்க்கில் பேஜுக்குக் காப்புரிமை இல்லை. ஆகவே சட்டம் குறுக்கே வரவில்லை.

1957-ல் தொழில் கவலைகளுக்கு நடுவே பேஜ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தம்முடைய செங்கல் கடல் கடந்து மறுபிறவி எடுத்ததை அறியாமலே அவர் போய்விட்டதாக, அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு, 1958 ஜனவரியில், செங்கல்லின் உள்ளே குழல்களை வைத்து இறுகப் பிடிக்கும்படி செய்த காட்ஃப்ரெட் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அது உண்மையான கண்டுபிடிப்பு. அதை மறுப்பது நியாயமாகாது. அன்றைய செங்கல்லோடு இன்றைய செங்கல்லும் பொருந்துகிறது என்றால் அந்தக் குழல்தான் காரணம். 1981-ல் கிட்டிகிராஃப்ட் செங்கற்களுக்கு மிச்சமிருந்த உரிமையை லெகோ விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. பேஜ் போய் அப்போது இருபத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

செங்கல்லின் கதை இது. வீரனின் கதையாவது வேறு மாதிரியா? இல்லை!

1939-ல் டிடெக்டிவ் காமிக்ஸ் பத்திரிகையின் 27-ஆவது இதழில் பேட்மேன் பிறந்தான். படைத்தவர் பாப் கேன் என்றுதான் உலகம் வெகுகாலம் அறிந்திருந்தது. கேன் முதலில் வரைந்தது சிவப்பு உடுப்பு அணிந்து, முதுகில் விறைப்பான இறக்கைகளைக் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆசாமியை. நண்பர் பில் ஃபிங்கர் அதைப் பார்த்தார். உடுப்பு கறுப்பும் சாம்பலுமாக இருக்கட்டும் என்றார். முகமூடிக்குக் காது வைக்கச் சொன்னார். இறக்கை வேண்டாம், மேலங்கி போடு என்றார். புரூஸ் வேய்ன் என்ற பெயரையும் அவரே வைத்தார். முதல் கதையையும் அவரே எழுதினார். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பெயர்தான். ஃபிங்கர் 1974-ல் காலமானார். 1989-ல் தம் சுயசரிதையில் கேன் அதை எண்ணி வருந்தினார். பேத்தியும் சில ஆராய்ச்சியாளர்களும் விடாமல் போராடிய பிறகு, 2015-ல்தான் ஃபிங்கரின் பெயரும் சேர்ந்தது. 2006-ல் பெட்டியைப் பிரித்த சிறுவனுக்கு அவர் யார் என்று எப்படித் தெரியும்?

இதைப் படித்தபோது என் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வந்தது. இருபது வயதில் என் முதல் கதை ஒரு பத்திரிகையில் அச்சாயிற்று. கதை இருந்தது, படம் இருந்தது, என் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பவள். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் பேரைக் காணோமேடா?" என்றாள். "அடுத்த மாசம் போடுவாங்க, அம்மா" என்றேன். போடவில்லை. அவள் அதற்குப் பின் கேட்கவுமில்லை. எனக்கு ஒரு கதையோடு போயிற்று. அவர்களுக்கு?

சேகரிப்பாளர்களைப் பார்த்து இனி நான் சிரிக்கமாட்டேன். கட்டைவிரல் அகலத் துணிக்காக அவர்கள் விடும் பெருமூச்சில், தம்மை அறியாமலே ஒரு நியாயம் செய்கிறார்கள். அந்த மேலங்கி ஃபிங்கருடையது. அவர்கள் விரல்நுனியால் தடவிப் பார்க்கும் குமிழ் பேஜுடையது. தேடுகிறவர்களுக்கு மட்டும் அந்தப் பெயர்கள் தெரிந்துவிட்டால், தொலைந்ததில் பாதி கிடைத்த மாதிரிதான்.