ரோப்வேயில் இறங்கிய மூணாறு டீ!

டாப் ஸ்டேஷன் போறீங்களா? செல்ஃபிக்கு முன்னாடி அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க.

1902-ல் மூணாறு தேயிலையைச் சுமந்து இங்கே வந்தது ஒற்றைத் தண்டவாள வண்டி. ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொன்று ரோட்டில். இழுத்தது காளைகள்! 1908-ல் நீராவி ரயில் வந்தது. இங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடியே இன்றைய தேனி மாவட்டத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. அதுதான் 'பாட்டம் ஸ்டேஷன்'. அங்கிருந்து போடிநாயக்கனூர்.

1924 வெள்ளம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை. பின்னாளில் ரோடு வந்ததும் ரோப்வேக்கும் வேலை இல்லாமல் போச்சு.

கொட்டகுடிப் பக்கம் நடந்தே இறங்க ஆசையா? 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் இறந்தாங்க. வனத்துறை அனுமதி இல்லாம கிளம்பாதீங்க. முக்கியமா கோடையில்.