தொண்டைக்குள் ஒரு விளக்கு

கேசுவாலிட்டியில் மூச்சு முட்டிக் கிடக்கும் நோயாளிக்கு டாக்டர் வாய்வழியே ஒரு குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்குவதைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். இன்ஜினியருக்கு அதில் என்ன வேலைன்னு கேட்காதீங்க. இதன் சரித்திரத்தைப் புரட்டினால் பாதிக்கு மேல் நம்ம சமாச்சாரம்தான்: வெளிச்சமும் பார்வைக் கோணமும்.

1854-ல் குரல்வளை அசைவதைக் கண்ணாடி வைத்துத் தெளிவாகக் கண்ட மானுவல் கார்சியா டாக்டரே அல்ல, பாட்டு வாத்தியார். பல் டாக்டரின் குட்டிக் கண்ணாடி ஒன்று, கைக்கண்ணாடி ஒன்று, கொஞ்சம் சூரிய வெளிச்சம். தன் தொண்டையைத் தானே பார்த்துவிட்டார்! ஆனாலும் 1878-ல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன், மயக்க மருந்து கொடுப்பதற்காகக் குழாய் செலுத்தியபோது விரலால் தடவித்தான் வழி கண்டார். கண்ணாடி இல்லாமல் நேராகவே குரல்வளையைப் பார்க்கலாம் என்று 1895-ல் காட்டியவர் பெர்லினின் ஆல்ஃப்ரெட் கிர்ஸ்டைன்.

எனக்குப் பிடித்த கட்டம் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது. ராபர்ட் மெகின்டாஷ் ஒரு டான்சில் ஆபரேஷனுக்காக, வாயைத் திறந்து பிடிக்கும் கருவியை மாட்டினார். எதிர்பாராமல் குரல் நாண்கள் பளிச்சென்று தெரிந்தன. அவருடைய டெக்னீஷியன் ரிச்சர்ட் சால்ட், அந்தக் கருவியின் தகட்டை லாரிங்கோஸ்கோப் கைப்பிடியில் ஈயப்பற்று வைத்து ஒட்டிக் கொடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் 1943-ல் வெளியான வளைந்த பிளேடு. பிளேடின் பெயர் மெகின்டாஷ். பற்று வைத்தவர் பெயர் அதில் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் வேர்த்து வழிந்த நமக்கு இதெல்லாம் புதுசா என்ன?

ஆபரேஷன் தியேட்டருக்கு நோயாளி பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வருகிறார், டாக்டருக்கும் நிதானம் உண்டு. கேசுவாலிட்டியில் அந்தக் கதை நடக்காது. வயிறு நிறைய சாப்பாடு, வாயில் ரத்தம். விபத்து கேஸ் என்றால் கழுத்தை அசைக்கவே கூடாது. உடம்பில் ஆக்ஸிஜன் கையிருப்போ ரொம்பக் குறைவு. முதல் தடவை குழாய் இறங்காவிட்டால் ஒவ்வொரு மறுமுயற்சியிலும் தொண்டை வீங்கும், ஆக்ஸிஜன் சரியும், இதயமே நின்றுபோகலாம். அதனால்தான் இன்று ‘முதல் முயற்சியிலேயே இறங்கியதா?’ என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

2001-ல் கனடா சர்ஜன் ஜான் பேசி கொண்டுவந்த கிளைட்ஸ்கோப், பிளேடிலேயே ஒரு கேமராவை வைத்தது. கார்சியா பார்த்த வளைவை இப்போது திரையில் பார்க்கலாம். 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அவசரப் பிரிவுகளிலும் ஐ.சி.யூ.க்களிலுமாக 1,417 நோயாளிகள். முதல் முயற்சி வெற்றி வீடியோவில் 85.1 சதவீதம், பழைய முறையில் 70.8. இந்த வித்தியாசம் அனுபவம் குறைந்த கைகளில்தான் பெரிது; நூறு தடவைக்கு மேல் குழாய் போட்டவர்களிடம் சிறிது.

இன்னொன்று. திரையில் பிரமாதமாகத் தெரியும், குழாய் மட்டும் வளைவில் திரும்ப மறுக்கும். உள்ளே வளைத்த கம்பி வைத்துத்தான் இறக்கணும். லென்சில் ரத்தம் அப்பிவிட்டால் திரை முழுக்கச் சிவப்பு. அந்த நேரம் மெகின்டாஷ் பிளேடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும், அதன் பல்பு எரியுதான்னு காலையிலேயே பார்த்து வைத்திருக்கணும்.