பக்கவாதத்துக்கு ஒரு கம்பி

1992-ல் நான் கல்லூரியில் படித்தபோது, கீரமங்கலத்தில் என் பெரியப்பாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. "வாதம் அடிச்சிருச்சு, படுத்து எந்திரிச்சா சரியாயிரும்" என்றார்கள். அவர் எழவேயில்லை.

அன்று மருத்துவத்திடமும் வழி இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அமெரிக்கா 1996-ல்தான் அனுமதி தந்தது. 2004-ல் ஸ்பிரிங்போல் சுருண்ட 'மெர்சி' கம்பி வந்தது. தொடை ரத்தக்குழாய் வழியே மூளைவரை சென்று கட்டியை இழுத்தெடுக்கும். 2012-ல் வலைபோல் விரியும் 'சாலிட்டேர்' வந்தது. 2013-ல் மூன்று ஆய்வுகள் பலனில்லை என்றன. பெரும்பாலும் புதுவகைக் கம்பியைக் கொண்டு, அடைப்பைப் படமெடுத்து உறுதி செய்தபின் நடந்த ஐந்து ஆய்வுகள் 2015-ல் பலனை நிரூபித்தன. 2018 முதல், தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரை செய்யலாம் என்றானது.

ஆனாலும் பெரிய அடைப்பில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன. தம்பி தங்கைகளே! வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். படுக்க மட்டும் சொல்லாதீர்கள்.