ஆய்க்குடியின் பெயரில் இருக்கும் அரசர்கள்



சுரண்டையிலிருந்து சாம்பவர்வடகரை வழியாகத் தென்காசி போகிற பேருந்தில் எத்தனை முறை ஆய்க்குடியைத் தாண்டியிருப்பீர்கள்! ஆய்க்குடி என்றதும் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் நினைவுக்கு வரும். அமர் சேவா சங்கம் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குள் ஓர் அரச குடி இருப்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஆய் மன்னர்களின் ஊர் என்பதால்தான் இது ஆய்க்குடி ஆனது என்பது நம் பக்கத்து வழக்கு.

கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆய் என்று வகுப்பில் ஒரே வரியில் படித்திருப்பீர்கள். பொதிகை மலைநாட்டை ஆண்ட ஆய் அண்டிரன் அவன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் புறநானூற்றில் பலமுறை பாடியிருக்கிறார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க அறிஞர் தம் நிலநூலில் குமரிமுனைப் பக்கத்தை 'ஆயோய்' நாடு என்று குறித்திருக்கிறார். இவ்வளவோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் ஆய் குடி அத்தோடு முடிந்துவிடவில்லை.

அவர்களுக்குக் கிழக்கே பாண்டியர், வடமேற்கே சேரர். நடுவில் சிறிய நாடு. பாண்டியர் வலுப்பெற்ற போதெல்லாம் முதல் அடி இவர்கள் மேல்தான் விழுந்தது. கோச்சடையன் ரணதீரன் மருதூரில் ஆய் வேளை வென்றதை வேள்விக்குடிச் செப்பேடு சொல்கிறது. அது அம்பாசமுத்திரம் பக்கத்துத் திருப்புடைமருதூர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிறகு பராந்தக நெடுஞ்சடையன் மலைநாட்டுச் சடையன் கருநந்தன் மேல் படையெடுத்து அவனுடைய கோட்டையை அழித்தான். இதைச் சொல்லும் கல்வெட்டு வேறெங்கோ இல்லை, கழுகுமலையில் இருக்கிறது. தோற்றவர்களின் கதையை நாம் வென்றவர்களின் கல்லில்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

இப்படித் தெற்கே ஒதுங்கிய குடிதான் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு நல்ல காரியம் செய்தது. கருநந்தடக்கன் என்ற ஆய் மன்னன் இன்றைய குமரி மாவட்டத்தில், முன்சிறைக்கு அருகே, பார்த்திவசேகரபுரம் என்ற ஊரை உண்டாக்கித் திருமால் கோயில் கட்டினான். அதோடு ஒரு சாலையும் வைத்தான். சாலை என்றால் இங்கே ரோடு அல்ல, உண்டு உறைந்து படிக்கும் கல்விக்கூடம். ஆண்டு கி.பி. 866. அதற்கான நிலம் முன்சிறைச் சபையாருடையது. அரசன் அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. வேறு நிலம் கொடுத்து மாற்றிக்கொண்டான்.

அந்தச் சாலையில் 95 பேருக்கு இடம். மூன்று வேதப் பிரிவினருக்கு 45, 36, 14 என்று கணக்காகப் பிரித்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சேர்க்கைக்கு விதித்த தகுதிகளில் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இலக்கணம் தெரிந்திருந்தால் மட்டும் போதாதாம். 'திரைராஜ்ய வியவகாரம்', அதாவது மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டுமாம். மூவேந்தருக்கு நடுவே பிழைக்க வேண்டிய ஒரு சிறு நாட்டுக்கு, வாளைவிட இந்த அறிவு அவசியம் என்று அந்த அரசன் கண்டிருக்கிறான்! சாலைக்குள் ஆயுதத்தோடு வரக்கூடாது என்ற விதியும் உண்டு.

அவனுக்குப் பின் வந்தவன் விக்கிரமாதித்த வரகுணன். ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்தப் பள்ளிக்கு அவன் நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. அவனது 28-ஆம் ஆட்சியாண்டில் சிதறால் மலையில் சமணப் பெண் துறவி ஒருவர் பொன் அணி வழங்கியதற்கும் கல்வெட்டு உண்டு. திருமாலுக்கும் புத்தருக்கும் அருகருக்கும் ஒரே சிறு நாட்டில் இடம் இருந்தது.

பின்னாளில் சோழர் வந்தார்கள், சேரர் வந்தார்கள், வேணாடு எழுந்தது. ஆய் என்ற அரசு மறைந்தது. போர்க்கணக்கை மட்டும் பார்த்தால் இவர்கள் தோற்றவர்கள்தான். ஆனால் மருதூரில் வென்றவனின் பேர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? தோற்றவனின் பேரைப் பேருந்துப் பலகையில் தினமும் படிக்கிறோம்.

அடுத்த முறை கன்னியாகுமரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், சூரியோதயம் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். சிதறால் மலை ஏறுங்கள். பார்த்திவபுரம் கோயிலையும் ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது ஆய்க்குடியில் பேருந்து நிற்கையில், அந்தப் பெயரில் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார், சுரண்டை.