அட்ரசினைத் தின்னப் பழகிய மண்

1950களின் கடைசியில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த கெய்கி நிறுவனத்தில் பிறந்தது அட்ரசின் என்னும் களைக்கொல்லி. மூன்று கார்பனும் மூன்று நைட்ரஜனும் மாறிமாறி அமைந்த வளையம், அதில் ஒட்டிய ஒரு குளோரின் அணு, இரண்டு பக்கக் கிளைகள். வேர் வழியாக ஏறி இலைக்குள் போய், ஒளிச்சேர்க்கையின் எலக்ட்ரான் ஓட்டத்தை மறிக்கும். வாங்கிய வெயிலைச் செலவழிக்க வழியில்லாமல் களையின் இலை ஓரத்திலிருந்து மஞ்சளித்துக் காயும். மக்காச்சோளம் மட்டும் தப்பிவிடும். குளோரினைக் கழற்றி மருந்தைச் செயலிழக்க வைக்கும் நொதி அதனிடம் உண்டு.

அமெரிக்காவின் சோள வட்டாரம் இதை இரு கையாலும் வாங்கிக்கொண்டது. நம்மூரிலும் மக்காச்சோளம் விதைத்த சில நாட்களில், களை தலைகாட்டும் முன் அடிப்பது பெரும்பாலும் இதைத்தான். விலை மலிவு, வாரக்கணக்கில் மண்ணில் நிற்கும். எளிதில் மக்காததுதான் அதன் விற்பனைச் சிறப்பே.

மினசோட்டாவின் லிட்டில் ஃபால்ஸில், களைக்கொல்லி சிந்தி ஊறிக் கிடந்த மண்ணில், கதை திசைமாறியது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ராஃபி மாண்டல்பாமும் லாரன்ஸ் வாக்கெட்டும் சகாக்களும் அந்த மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1995ல் அறிவித்தார்கள். பெயர் சூடோமோனாஸ் ஏடிபி. அதைப் பிடித்த விதம் எளிமையானது. தண்ணீரில் கரையும் அளவுக்கு மேல் அட்ரசினைக் கலந்தால் அகார் தட்டு வெள்ளையாகக் கலங்கிவிடும். அதில் பாக்டீரியாவைப் பரப்பிக் காத்திருந்தால், அட்ரசினைத் தின்கிற கூட்டத்தைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் விரியும். வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அந்தப் பாக்டீரியா தேடியது நைட்ரஜனை. அட்ரசின் மூலக்கூறு ஒன்றில் ஐந்து நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. முதல் நொதி குளோரினைக் கழற்றும், அடுத்த இரண்டும் கிளைகளை வெட்டும். பிறகு வளையமே உடைந்து அம்மோனியாவும் கரியமில வாயுவுமாக முடியும். பயிரைக் காக்க அடித்த மருந்து பாக்டீரியாவுக்குத் தழைச்சத்து.

இந்த வித்தையை அது எங்கே கற்றது? முதல் நொதியில் 475 அமினோ அமிலங்கள். மெலமைனைச் சிதைக்கும் இன்னொரு பாக்டீரிய நொதியோடு ஒப்பிட்டால் ஒன்பதே இடங்களில்தான் வேறுபாடு. மெலமைன் என்றால் நம் சமையலறைத் தட்டுகளுக்கான மூலப்பொருளேதான். ஒன்பது எழுத்து மாறியதில் மெலமைன் நொதி அட்ரசின் நொதியாகிவிட்டது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சில பத்தாண்டுகளுக்குள் இது நடந்திருந்தால், பரிணாமம் என்றதும் கோடிக்கணக்கான ஆண்டுகளைச் சொல்லும் நம் வழக்கத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்னும் தனி டிஎன்ஏ வளையத்தில், இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கின்றன. பிளாஸ்மிட்டோ ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது. வெவ்வேறு கண்டங்களில் பிடித்த பாக்டீரியாக்களில் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள் அகப்பட்டன. வருஷா வருஷம் அட்ரசின் அடித்த வயல்களில், முன்பு வாரக்கணக்கில் நின்ற மருந்து சில நாட்களிலேயே கரையத் தொடங்கியது. விவசாயி போலி மருந்து என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம். தின்றது மண்.

ஆனால் இந்தப் பசிக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. மருந்து செல்லுக்குள் நுழைய செல் சவ்வைத் தாண்ட வேண்டும். தண்ணீரில் செறிவு லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கினால், உள்ளே வந்து சேரும் வேகமே போதாமல் போகிறது. ஆர்த்ரோபாக்டர் என்னும் இன்னொரு பாக்டீரியாவில் இதை அளந்திருக்கிறார்கள். நொதி தயார்தான், இரை வந்து சேர்வதில்லை. ஐரோப்பா குடிநீரில் அனுமதிக்கும் அளவோ லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். ஜெர்மனி 1991லேயே அட்ரசினைத் தடைசெய்துவிட்டது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் அங்குள்ள நிலத்தடி நீரில் அதுவும் அதன் சிதைவுப் பொருளும் கண்டறியப்பட்டன.